தயக்கம் நீங்கியவரின் விண்ணப்பம்

அனுப்புநர்:
கணித ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி.
(ஊர்ப் பெயர் வேண்டாம். எழுதினால், பிரச்சினை அந்த ஊரில் மட்டும்தான் என்று கோப்பை மூடிவிடுவீர்கள்.)

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள், விழிப்புணர்வு வாசகங்கள் பிரிவு.

பொருள்: மனநலம் – உதவி கேட்கத் தயங்காதீர் எனக் கூறியது – தயங்காமல் கேட்டது – யாரிடம் கேட்பது எனத் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மருத்துவமனைச் சுற்றுச்சுவரில் தாங்கள் எழுதியுள்ள வாசகம், நாளிடப்படாதது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பார்வையில் கண்ட வாசகம் மிக அழகாக எழுதப்பட்டுள்ளது. இரண்டு கைகள் ஒரு மூளையை ஏந்தியிருக்கின்றன. மூளைக்கு ரோஸ் கலர். பக்கத்தில் ஒரு சூரியன் சிரிக்கிறது. கீழே, மாவட்ட நிர்வாகம் தொடங்கி பெயிண்ட் செலவை ஏற்ற ஜவுளிக்கடை வரை வரிசையாகப் பெயர்கள். அவற்றில் ஒன்றுகூட நான் போய் உட்கார்ந்து பேசக்கூடிய ஆளின் பெயர் அல்ல என்பதைத் தவிர, சுவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தங்களுக்கு ஒரு நல்ல செய்தி. தங்கள் பிரசாரம் வெற்றி பெற்றுவிட்டது. நான் தயங்கவில்லை.

சென்ற ஆண்டு பொதுத்தேர்வுச் சமயத்தில் தொடங்கியது. பேருந்தில் ஏறி, கூட்டம் நெருக்கி, படிக்கட்டு கண்ணுக்கு மறைந்ததும் மூச்சு முட்டும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை நனையும், அவ்வளவுதான் போய்விட்டோம் என்று தோன்றும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒரு கோலி சோடா குடித்தால் அடங்கிவிடும். முதலில் இதயம் என்று நினைத்து ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தோம். டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, “ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்தான். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அலட்டிக்கொள்ளாமல் இருப்பதைக் கற்றுத்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தாங்கள்தான் சுவரிலேயே சொல்லியிருக்கிறீர்களே.

வீட்டாரும் தயங்கவில்லை. “குணசீலம் போய் ஒரு மண்டலம் இருந்துட்டு வாம்மா” என்றார் மாமியார். எந்த ஊரில் இறங்க வேண்டும், எங்கே தங்கலாம், அபிஷேகத் தண்ணீரை எந்த நேரத்தில் முகத்தில் தெளிப்பார்கள், 48 நாளும் என்ன சாப்பிட வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். பள்ளியில் சத்துணவு அம்மா ஏர்வாடி தர்காவுக்கு இதே அளவு துல்லியமாக வழி சொன்னார். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களில் 28 பேர் தீயில் சிக்கி இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஜனங்கள் அந்தத் திசையில் போவது அறியாமையால்தான் என்று தாங்கள் அடுத்த சுவரில் எழுதக்கூடும். வழி தெரிந்த இடம் அது ஒன்றுதான் என்பதும் காரணமாக இருக்கலாம் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சாமிக்கு இருக்கும் தகவல் ஏற்பாடு தங்கள் பிரிவுக்கு இல்லை.

நானாகத் தேடினேன். கைபேசியில் ‘அருகில் தெரபி’ என்று தட்டினால் முட்டிவலிக்குப் பிசியோதெரபி நிலையங்கள் வந்தன. கடைவீதி மாடியொன்றில் ‘மனநல ஆலோசனை மையம்’ என்று பலகை பார்த்தேன். ஏறிப் போனால் அதே பலகையின் கீழ்ப்பாதியில் எண் கணிதம், வாஸ்து, நினைவாற்றல் பயிற்சி, வெளிநாட்டுக் கல்வி. சுவரில் சட்டமிட்ட சான்றிதழ்கள் நிறையத் தொங்கின. எல்லாவற்றிலும் தங்க முத்திரை. உள்ளே இருந்தவர் என் பிறந்த தேதியைக் கேட்டார். வயது தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். கூட்டிப் பார்த்து, பெயரில் ஒரு எழுத்தைச் சேர்க்கச் சொன்னார்.

இதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருவது புகாராக அல்ல, ஒரு சந்தேகமாக. மனநல மருத்துவர் என்றால் எம்.டி. படித்தவர், மாத்திரை எழுதுவார். மருத்துவ உளவியலாளர் என்றால் எம்.பில். முடித்து, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்து எண் வாங்கியவர், பேசியே சிகிச்சை தருவார். இவ்வளவும் நான் படித்துத் தெரிந்துகொண்டது. ‘ஆலோசகர்’ என்று பலகை மாட்ட என்ன வேண்டும் என்பதுதான் புரியவில்லை. ஆணியும் சுத்தியலும் போதும் போலிருக்கிறது. உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021இல் வந்துவிட்டது. சட்டம் டெல்லியிலிருந்து புறப்பட்டிருக்கிறது, மாடிப்படி ஏற நேரமாகும். அதுவரை, எங்கள் ஊர் டீக்கடைப் பலகையில்கூட உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். வடைக்குப் பொறுப்பேற்க ஆள் உண்டு.

அடுத்து, அரசு ஏற்பாட்டுக்கு வருகிறேன். தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கியது. 1996இல் அது மாவட்ட மனநலத் திட்டமாக மாவட்டத்துக்கு இறங்கி வந்தது. எங்கள் தாலுகாவுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் வருகிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போனால், மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு வந்தவர்களும் நாங்களும் ஒரே பெஞ்சில். கையில் ஃபைலோடு ஒரு ஊழியர் வந்து, நடைபாதை முழுக்கக் கேட்கும்படி, “மனநலத்துக்கு வந்தவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க!” என்றார். ரகசியம் காப்பது எங்கள் உரிமை என்று சட்டத்தில் இருக்கிறது. அவர் குரலில் இல்லை. என் முன்னாள் மாணவி ஒருத்தி, கைக்குழந்தையோடு தடுப்பூசி வரிசையில் நின்றவள், “டீச்சர், நல்லா இருக்கீங்களா?” என்றாள். அந்தக் கேள்விக்கு அந்தப் பெஞ்சிலிருந்து என்ன பதில் சொல்வது என்பதைத் தங்கள் அடுத்த துண்டறிக்கையில் சேர்க்கலாம்.

டாக்டர் நல்லவர். அதைப் பதிவு செய்ய வேண்டும். களைத்திருந்தார், ஆனாலும் முகம் பார்த்துப் பேசினார். கதவு திறந்தே இருந்தது. என் தோளுக்குப் பின்னால் அடுத்தவர் தன் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். “இது பயத்தால வர்றது, உயிருக்கு ஆபத்தில்லை, சரியாகிடும். மாத்திரை தர்றேன். ஆனா உங்களுக்கு முக்கியமா வேண்டியது தெரபி. வாரம் ஒரு தடவைன்னு ஒரு பத்துப் பன்னிரண்டு வாரம் ஒரே ஆளோட உட்கார்ந்து பேசணும்” என்றார். யாரோடு என்று கேட்டேன். பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அது காலியாக இருந்தது. உளவியலாளர் பணியிடம், நிரப்பப்படும் என்றார். நாற்காலி மேல் குளுக்கோஸ் அட்டைப்பெட்டி ஒன்று பணியில் இருந்தது.

தேசிய மனநல ஆய்வு என்று ஒன்றை 2015-16இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்தியது தங்களுக்குத் தெரியும். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்தார்கள். மனநோய் உள்ளவர்களில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை சிகிச்சை கிடைக்காமல் இருக்கிறார்கள் என்று அதில் வந்தது. இதைப் படித்துவிட்டு, மக்களுக்கு வெட்கம் என்று முடிவு கட்டி, தாங்கள் சுவரைப் பார்க்கத் திரும்பினீர்கள். நான் கணக்கு டீச்சர். ஒரு வகுப்பில் 40 பேரில் 35 பேர் பாடப்புத்தகம் வைத்திருக்கவில்லை என்றால், படிக்க வெட்கப்படுகிறார்கள் என்று அறிக்கை எழுத மாட்டேன். புத்தகம் வந்ததா என்று ஸ்டோர் ரூமைப் போய்ப் பார்ப்பேன்.

இங்கேதான் ஒரு பட்டியல் விவகாரம் வருகிறது. அக்டோபர் 10, உலக மனநல நாள். எங்கள் பள்ளியிலிருந்து பேரணிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். வெயில். பிள்ளைகள் கையில் ‘மனம் விட்டுப் பேசுவோம்’ அட்டை. ‘பேசாம வாங்கடா’ என்று நான் அதட்டிக்கொண்டு போனேன். முடிவில் சிறப்புரையாற்றிய அலுவலரிடம், ஐயா, எங்கள் பகுதியில் யாரிடம் போவது என்று கேட்டேன். அவர் சலித்துக்கொள்ளவில்லை. “பட்டியலே இருக்கும்மா” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். ‘ஒன்றிய அளவில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள்’ என்று தலைப்பு. ஆவலோடு திறந்தேன். மூன்றாவது வரியில் என் பெயர் இருந்தது.

யோசித்துப் பார்த்தேன். ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது உண்மை. காலையில் பவர்பாயிண்ட், மதியம் தக்காளி சாதம், மாலையில் சான்றிதழ். கரண்ட் போனதால் ‘பதற்றம்’ என்ற பாடம் மட்டும் நடக்கவில்லை. என்னோடு சாப்பிட்ட பி.டி. மாஸ்டர் ஐந்தாவது வரியில் இருந்தார். அவரிடம் சொன்னேன். “டீச்சர், நானே உங்ககிட்ட வரலாம்னு இருந்தேன்” என்றார்.

14416 பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022இல் வந்த டெலிமானஸ் சேவை. ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், காசில்லை. நடு இரவில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் குரல் பெரிய ஆறுதல். அதைச் சுவரில் மூளையை விடப் பெரிதாக எழுதியிருக்கலாம். ஆனால் அது முதலுதவிக்கும் வழிகாட்டலுக்கும் ஏற்பட்டது. தொடர் சிகிச்சை வேண்டுமானால் நேரில் போக வேண்டும். நேரில் என்றால் மறுபடி செவ்வாய்க்கிழமை, அட்டைப்பெட்டி.

ஆன்லைனில் பார்க்கலாமே என்பீர்கள். பார்த்தேன். கட்டணம் ஆயிரத்தில் தொடங்கியது. காப்பீடு இருக்கிறதே என்று விசாரித்தால், 24 மணி நேரம் படுக்கையில் சேர்ந்தால்தான் தருவார்களாம்; உட்கார்ந்து பேசினால் தரமாட்டார்களாம். சரி, போகட்டும் என்று கைக்காசில் முயன்றேன். கிடைத்த பெண் பெங்களூருக்காரர், தங்கமானவர், ஆங்கிலத்தில் பேசினார். நான் ஆங்கிலத்தில் லீவ் லெட்டர் எழுதுவேன், அழமாட்டேன். தமிழ் பேசுபவராகப் பார்த்து இன்னொருவரைப் பிடித்தபோது இடப் பிரச்சினை வந்தது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு ஹாலும் ஒரு அறையும். மொட்டைமாடிக்குப் போனேன். “வீட்டில் யாரிடம் மனதில் இருப்பதைச் சொல்ல முடிவதில்லை?” என்று அவர் கேட்டபோது, சொல்ல வேண்டிய ஆள் எனக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து கூழ்வடகம் பிழிந்துகொண்டிருந்தார்.

கடைசியில் திருச்சியில் ஒருவர் கிடைத்தார். பதிவு எண் உள்ளவர், தமிழில் பேசுபவர், கதவைச் சாத்துபவர். சனிக்கிழமைகளில் நேரம் கொடுத்தார். ஒரே சங்கடம்: எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரம். பேருந்தில் ஏறினால் மூச்சு முட்டுகிற நோய்க்கு. முதல் நாள் அவரிடம் இதைச் சொன்னபோது நாங்கள் இருவருமே சிரித்துவிட்டோம். பயப்படும் விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக்கொள்வதும் சிகிச்சையில் ஒரு முறைதான், ஆனால் சிறிய தூரத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம் என்றார். எங்கள் ஊர் எல்லைக்குள் ஒருவர் இருந்திருந்தால் மகளிர் கட்டணமில்லா நகரப் பேருந்தில் நாலு நிறுத்தம் போய்ப் பழகியிருப்பேன். நான் நேராக மலைக்கோட்டைப் படி ஏற வேண்டியதாயிற்று. முன்னேற்றம் இருக்கிறது. இப்போது சோடா வாங்குவது வழியில் ஒரு நிறுத்தத்தில் மட்டும்தான்.

இனி கோரிக்கை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவைத் தாங்கள் படித்திருப்பீர்கள். மனநலச் சேவை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. அது கட்டுப்படியாகும் செலவில், தரமாக, போதிய அளவில், போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அத்தோடு நிற்கவில்லை. குறைந்தபட்ச சேவைகள் ஒரு மாவட்டத்தில் இல்லையென்றால், நோயாளி அதே மாவட்டத்தில் வேறு எங்காவது சிகிச்சை பெற்றுக்கொள்ளலாம், செலவை அரசு ஏற்கும் என்றும் சொல்கிறது. அருமையான பிரிவு. எழுதியவருக்கு மாவட்டத்தில் வேறு எங்காவது ஒன்று இருக்கும் என்று எவ்வளவு நம்பிக்கை! எங்கள் மாவட்டத்தில் தேடி முடித்துவிட்டேன் என்பதை மேலே விரிவாக விளக்கியிருக்கிறேன். எண் கணிதக்காரரின் ரசீதை அரசு ஏற்குமானால் அதுவும் கைவசம் உள்ளது.

ஆகவே திருச்சி ரசீதுகளை இணைத்துள்ளேன். எந்த அலுவலகத்தில், எத்தனாம் எண் கவுன்ட்டரில், எத்தனை நகலோடு தர வேண்டும் என்று தெரிவித்தால் போதும். பணம் பிறகு வந்தாலும் பரவாயில்லை. நான் அரசு ஊழியர், அகவிலைப்படி நிலுவைக்குக் காத்திருந்து பழகியவள்.

சுவர் விஷயத்தில் ஒரு சின்ன யோசனை. சூரியனை எடுத்துவிட்டு அந்த இடத்தில், உளவியலாளர் பெயர், பதிவு எண், வரும் கிழமை, அறை எண், கதவு உண்டா இல்லையா என்று எழுதலாம். பணியிடம் காலியென்றால் ‘காலி’ என்றே எழுதிவிடுங்கள். நாங்கள் பஸ் செலவை மிச்சப்படுத்திக்கொள்வோம். ‘தயங்காதீர்’ என்ற வரியை அழிக்க வேண்டியதில்லை. பணி நியமனக் கோப்பு இருக்கும் அலுவலகத்தின் சுவருக்கு மாற்றி எழுதினால் அங்கே பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரிசை எண் 3, ஒன்றிய ஆலோசகர் பட்டியல்.

இணைப்பு:
சிகிச்சை ரசீதுகள், பேருந்துச் சீட்டுகள் (கசங்கிய நிலையில்), பட்டியலிலிருந்து பெயர் நீக்கக் கோரும் தனி விண்ணப்பம் (பி.டி. மாஸ்டருடையதும் சேர்த்து).