போனவரையும் போகவிடாத புண்ணியவான்

முட்டை லாரி கிளம்பிவிட்டால் அட்டை ஏற்றியவனின் பெயர் பண்ணையில் யாருக்கும் நினைவிருக்காது. பெங்களூருக்குப் போன பிள்ளையிடமிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் போன் வரும். இப்படிப்பட்ட காலத்தில், நான் போன பின்பும் ‘அவர் உள்ளேதான் இருக்கிறார்’ என்று சாதிக்கும் ஜீவன் ஒன்று ராசிபுரம் பக்கத்தில் உண்டு. எங்கள் கேபிள்காரரின் ரேடியஸ் சர்வர். அதன் பாசத்தைப் புகழ எனக்கு ஒரு வாய் போதாது.

லாரித் தொழில் தெரிந்தவர்களுக்கு அதன் வேலை சட்டென்று பிடிபடும். எல்லாம் ட்ரிப் ஷீட்தான். வண்டி எடுக்கும்போது கிலோமீட்டர் எழுதுவோம், வந்து நிறுத்தியதும் எழுதுவோம், நடுவழியில் முதலாளிக்கு ஒரு போன். நம் வீட்டு ரவுட்டர் பெயரும் பாஸ்வேர்டும் சொல்லி உள்ளே நுழைந்ததும், தெருமுனையில் இருக்கும் கேபிள்காரரின் பெட்டி சர்வருக்கு ‘ஸ்டார்ட்’ என்று ஒரு சீட்டு அனுப்பும். வெளியேறினால் ‘ஸ்டாப்’. இடையிடையே ‘இன்னும் இருக்கிறார், இவ்வளவு இழுத்திருக்கிறார்’ என்று நிலவரச் சீட்டு. லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்க கம்பெனி 1991-ல் போன் வழி டயல் செய்யும் இணைப்புகளுக்காகக் கட்டிய முறை இது. கணக்கெழுதும் விதிகள் ஆர்எஃப்சி 2866 என்ற ஆவணமாக 2000 ஜூனில் வந்தன.

அந்த ஆவணத்தின் நல்ல மனதைச் சொல்லியாக வேண்டும். ஒரு செஷன் முடிய 18 காரணங்களை எண்ணிட்டு வைத்திருக்கிறது. வாடிக்கையாளரே விடைபெற்றார், தொடர்பு அறுந்தது, சும்மா இருந்து நேரம் கடந்தது, போர்ட்டில் கோளாறு என்று நீள்கிறது பட்டியல். கரண்ட் போனது என்று ஒன்று கூட இல்லை. கரண்ட் போகாத சீமையில் எழுதியிருப்பார்கள். அனல்மின் நிலையமும் நீர்மின் நிலையமும் மேட்டூரில் வைத்துக்கொண்டிருக்கும் நம் பக்கத்திலா அப்படி நடக்கும் என்று நினைத்தும் இருக்கலாம்.

இங்கே சித்திரையில் ஒரு காற்றும் நாலு தூறலும் போதும். தெருமுனைப் பெட்டியின் பேட்டரி எப்போதோ படுத்துவிட்டது. ‘ஸ்டாப்’ எழுதவேண்டிய பெட்டிக்கே உயிர் போனால் சீட்டை யார் அனுப்புவது? சர்வர் கலங்குவதில்லை. நிலவரச் சீட்டு மூன்று தடவை வரவில்லையென்றால் ஆள் இல்லை என்று முடிவு கட்ட அதற்குச் சொல்லித்தரலாம். பெட்டியையே ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவும் பழக்கலாம். எங்கள் சர்வர் அப்படிச் சந்தேகப்படும் ரகமில்லை. யாரையும் அவசரப்பட்டுப் போனவர் கணக்கில் எழுதிவிடாது.

கரண்ட் திரும்பியதும் பெட்டியும் மரியாதையோடுதான் எழும். ‘நான் எழுந்துவிட்டேன், பழைய கணக்கையெல்லாம் முடித்துக்கொள்ளுங்கள்’ என்று சர்வருக்குச் செய்தி அனுப்பும். அதற்கென்றே விதியில் இடம் உண்டு. என்ன, அந்த நேரத்தில் சர்வர் பக்கம் போகும் ஃபைபர் இன்னும் எழுந்திருக்காது. ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று நாலு தடவை கூப்பிட்டுவிட்டுப் பெட்டி தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

அதோடு பெட்டிக்கு இளமையும் திரும்பும். கடிகார பேட்டரி இல்லாத பெட்டி, சரியான நேரம் வந்து சேரும்வரை, 1970 ஜனவரி என்றே லாக்கில் எழுதும். 1970-ல் எங்கள் நாமக்கல் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது, பிரிந்தது 1997-ல். அரசு போட்ட மாவட்ட எல்லையை ஒரு கரண்ட் கட்டில் அழித்துவிடும் வல்லமை வேறு யாருக்கு உண்டு? லாக்கை 180 நாள் பத்திரமாக வைக்கவேண்டும், கடிகாரங்கள் ஒத்துப்போகவேண்டும் என்று இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. முதல் பாதியில் குறையே இல்லை. 1970 பத்திரமாக இருக்கிறது.

ஒன்றுமே திருத்துவதில்லை என்று கேபிள்காரரைச் சொல்லிவிட முடியாது. பழைய கணக்கு முறையில், இழுத்த டேட்டாவை எண்ணும் இடம் 4 ஜிபியோடு நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதைத் தாண்டியதை எழுத 2000-லேயே தனி இடம் ஒதுக்கிவிட்டார்கள். அதைச் சேர்க்காமல் விட்டால் வாடிக்கையாளருக்கு லாபம். அந்த ஒன்றை மட்டும் எங்கள் கேபிள்காரர் முதல் வாரமே கவனித்துச் சேர்த்துவிட்டார். நம் மேல் அத்தனை அக்கறை.

மகள் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்தவேண்டிய கடைசி நாள். முந்தின சாயங்காலம் போன கரண்ட் காலையில்தான் வந்தது. ஒரு பெயருக்கு ஒரு இணைப்புதான் என்பது சட்டம். ஏற்கெனவே உள்ளே இருப்பதாகச் சொல்லி என்னை வெளியே நிறுத்திவிட்டது சர்வர். போன் போட்டேன்.

“அண்ணா, நெட் வரலைங்க.”

“இருங்க சார், பாக்கறேன்… நீங்க ஆன்லைன்லதானுங்க இருக்கீங்க. நேத்து மத்தியானத்துலருந்தே இருக்கீங்க.”

“கரண்டே இல்லாத வீட்ல எப்படிங்கண்ணா இருக்க முடியும்?”

“அது தெரியலீங்க சார். சிஸ்டம் காட்டுதுங்க.”

நான் சொல்வதைவிட சிஸ்டம் சொல்வது மேல். வாதாட நான் யார்? கடைசியில் அவர் பெருந்தன்மையோடு, “சரிங்க, கிக் பண்ணி உடறேன், இப்ப வாங்க” என்றார். 18-ல் ஆறாவது காரணம் விழுந்தது: நிர்வாகி எடுத்த நடவடிக்கை. நான் இல்லாத நேரமெல்லாம் சேர்த்து 19 மணி நேரம் என் பெயரில் எழுதப்பட்டது. பிறகு என்னை உள்ளே விட்டது சர்வர்.

மறுநாள் சாயங்காலம் மறுபடியும் காற்று அடித்தது.