ஓணானுக்கு ஏ.சி. போட்ட காலம்

ஏந் தம்பி, காசு குடுத்து ஓணான் வாங்கனியாமே? மெய்தானா?

‘ஓணான் இல்ல தாத்தா, பியர்டட் டிராகன்’னு சொல்லுவ. சரி, தாடி வச்ச ஓணான்னு வச்சிக்குவம். ஆஸ்திரேலியா பாலைவனத்துச் சாதி. அந்த ஊர்க்காரன் அத வெளிய அனுப்பறதே இல்ல. ஒங்கையில இருக்கறது பொட்டிக்குள்ளயே பொறந்து பொட்டிக்குள்ளயே வளந்த வம்சம். அதோட பாட்டனுக்குப் பாட்டன்கூட பாலைவனத்தக் கண்டிருக்க மாட்டான். வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்டவன் கதைய நான் சின்னப் புள்ளையிலேருந்து கேக்கறன். வேட்டிக்குள்ள வுட்டுக்க ஆர்டர் போட்டு, டெலிவரிக்கும் தனியாக் காசு குடுத்தவன இப்பதான் பாக்கறன்.

பொட்டியையும் பாத்தன். அடியில மணலு. ஒரு மூலையில சூட்டு வெளக்கு. அதுக்குக் கீழ இருக்கற கல்லு 40 டிகிரிக்குக் காயணுமாம், எதுத்த மூலை குளுமையா இருக்கணுமாம். மேல நீட்டா இன்னொரு குழல் வெளக்கு, அதுதான் சூரியனாம். பக்கத்துல ஈரம் அளக்க ஒரு மீட்டரு. ஐப்பசியில தீப்பொட்டியே நமுத்துப் போற ஊர்ல ஈரத்துக்கு மீட்டரு! அப்ப ஏ.சி. எதுக்குடா ஓடுதுன்னு கேட்டன். வெளக்குச் சூட்டுல ரூமு வேவுது தாத்தான்னு சொல்ற. சூடாக்க ஒண்ணு, அந்தச் சூட்ட ஆத்த ஒண்ணு. ரெண்டுக்கும் சேத்து பில்லு கட்டறது உங்கப்பன்.

வெளக்க நான் குத்தம் சொல்லல. புற ஊதா வெளிச்சம் மேல படலன்னா அந்தச் சீவனுக்கு எலும்பு வெளங்காது. சுண்ணாம்புச் சத்து உடம்புல ஒட்டாம, தாடை தொவண்டு, காலு கோணிப் பூடும். ஜன்னல் கண்ணாடி வழியா வர வெயிலும் ஒதவாது, கண்ணாடி அந்தக் கதிர நிறுத்திப்புடும். அந்தச் சுண்ணாம்புச் சத்துக்காகத்தான் அதோட தீனி வெட்டுக்கிளிக்கெல்லாம் வெள்ளையா கால்சியம் மாவு தடவி ஊட்டற. எங்க காலத்துல கல்யாணப் பொண்ணுக்கே அவ்ளோ பவுடர் பூசல. ஆனா ஒண்ணு கேக்கறன். நம்ம கடலூரு தேவனாம்பட்டினத்துல பொழுது வெடிஞ்சா கொட்டுதே வெயிலு, அதுக்கு யாராச்சும் பில்லு போட்டானா? அத திரை போட்டு மறச்சிட்டு, குழல்ல அடைச்ச சூரியன வெலைக்கி வாங்கி மாட்டற. ஆறு மாசம், ஒரு வருசத்துல அந்தச் சூரியன் வலு கொறஞ்சி பூடும், மறுபடி வேற வாங்கணும். வித்தவன் பொழைச்சான்.

நீ எந்த ஊர்ல பொறந்தவன்? சிதம்பரம். ஆடற சாமி உடம்புல பாம்பத்தான் நகையா போட்டிருக்காரு. அதே கோயிலுக்குள்ள கோவிந்தராசப் பெருமாளு பாம்ப மெத்தையா போட்டுப் படுத்திருக்காரு. ஆட்டத்தப் பாக்க வந்த பதஞ்சலிக்கு இடுப்புக்குக் கீழ பாம்பு. இத்தன பாம்பு இருக்கற ஊர்ல ஒரு சாமியாச்சும் அத டப்பாவுல போட்டு மூடி வச்சிருக்கா?

சாமிய வுடு. நம்ம வூட்டப் பாரு. செவுத்துல பல்லி. அது எங்க வுழுந்தா என்னா பலன்னு பஞ்சாங்கத்துல பக்கம் பக்கமா போட்டிருக்கான். கெணத்தடியில பளபளன்னு அரணை. முருங்க மரத்துல ஓணான், தாடி இல்லாதது, தீனியும் கேக்காதது. சம்பா வயல்ல சாரை. ஒரு சாரை இருந்தா வரப்புல எலி வளை கொறையும். அதுக்கு நீ பாலும் ஊத்த வேணாம். ஊத்தனாலும் குடிக்காது, பாலு அதுக்குத் தீனியே இல்ல. பொட்டி இல்ல, பூட்டு இல்ல, பில்லு இல்ல. ஆனா இதயெல்லாம் படம் புடிச்சிப் போட்டா நாலு பேரு லைக்கு போடமாட்டான், அதான ஒனக்குச் சங்கடம்?

ஒங் கூட்டாளி ஒருத்தன் மலைப்பாம்பு வச்சிருக்கானாம். பால் பைதானாம். ஆப்பிரிக்காவுல மேக்கால பக்கத்துச் சாதி. பயந்தா பந்தாட்டம் சுருண்டுக்கும், அதனால அந்தப் பேரு. சாதுதான், நான் ஒத்துக்கறன். மாசக்கணக்குல தின்னாம கெடக்கும், இவன் தலையில கைய வச்சிக்கிட்டு ஊரெல்லாம் யோசன கேப்பான். பாம்புக்குப் பசிக்கல, இவனுக்குத் தூக்கம் வரல! அதுல கலரு கலரா இனம் கட்டறான் பாரு, அதுதான் பெரிய கூத்து. மஞ்சளா இருந்தா ‘பனானா’. வாழப்பழத்துப் பேரு வச்சதும் வெல ஏறிப் போவுது. ‘ஸ்பைடர்’னு ஒண்ணு. அழகா கோடு கோடா இருக்கும். ஆனா அந்தக் கோட்டக் குடுக்கற மரபுக் கூறே தலைய ஆட வைக்குது. எலியப் புடிக்கப் போனா குறி தப்பும், மல்லாந்து பூடும். பொறவியிலயே ஒட்டுனது அது. வைத்தியம் கெடையாது. நம்மூர்ல மாடு பாக்கப் போறவன் பல்லப் பாப்பான், சுழியப் பாப்பான், நடைய பாப்பான். தல ஆடற மாட்ட, தோலு நல்லாருக்குன்னு எவனாச்சும் ரெட்ட வெல குடுத்து ஓட்டியாருவானா?

இது எப்படி இங்க வந்துச்சின்னு கேட்டியா? வித்தவன் ‘பிரீடர்கிட்ட வாங்கனது’ன்னு சொல்லுவான். இருக்கலாம். 2023 ஏப்ரல்ல சென்னை விமான நெலையத்துல கோலாலம்பூர்லேருந்து வந்த ஒரு அம்மா பெட்டியத் தொறந்தா 22 பாம்பு, ஒரு பச்சோந்தி. அதே வருசம் சூலைக் கடைசியில திருச்சியில ஒருத்தரு பெட்டியில 47 மலைப்பாம்பு, ரெண்டு பல்லி. டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருந்தாங்களாம். மலேசியாவுலேருந்து வர்றவங்க முன்னெல்லாம் கோடாலித் தைலம் கொண்டாருவாங்க. காலம் மாறிப் போச்சி.

சட்டமும் மாறியிருக்கு தம்பி, அதயும் கேட்டுக்க. நம்ம நாட்டுப் பாம்பு, உடும்பு, நட்சத்திர ஆமை, பச்சக்கிளி எதயும் வூட்ல வைக்கக் கூடாது, அதுக்கு 1972ம் வருசத்துச் சட்டம் இருக்கு. வெளிநாட்டுச் சரக்குக்கு ரொம்ப நாளா கேள்வி இல்லாம இருந்துச்சி. 2022ல சட்டத்த திருத்துனான். 2024 பிப்ரவரியில விதி போட்டான். உலக ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கற வெளிநாட்டுப் பிராணி எது வச்சிருந்தாலும் ‘பரிவேஷ்’ங்கற அரசாங்கத் தளத்துல பதியணும். கைமாத்துனா சொல்லணும். குட்டி போட்டா சொல்லணும். செத்தா சொல்லணும். எனக்கு இன்னும் பொறப்பு சர்ட்டிபிகேட் கெடையாது, ஸ்கூல்ல வாத்தியாரு போட்ட தேதிதான். ஒங் கூட்டாளி பாம்புக்கு இருக்கும்.

ஆமை புகுந்த வூடும் அமீனா புகுந்த வூடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க. இப்ப வாஸ்துக்குன்னு சொல்லி ஆமையத்தான் தேடி வாங்கறான். அது நட்சத்திர ஆமையா இருந்தா, பின்னாடியே காக்கிச் சட்ட போட்டுகிட்டு வனத்துறை அமீனாவும் வருவாரு. பழமொழி சொன்னவன் ரெண்டயும் ஒரே வரியில வச்சான் பாரு, வெவரமானவன்!

அதனால சட்டத்துக்குப் பயந்தவன் அமெரிக்க ஆமைக்குப் போறான். கண்ணுக்குப் பின்னால செவப்புக் கோடு போட்டது. வாங்கும்போது பழைய ஒரு ரூவா காசு அளவு. பச்சப்பசேல்னு அம்சமா இருக்கும். நாலஞ்சு வருசத்துல சாப்பாட்டுத் தட்டு அளவு ஆயிடும். நாத்தம் கெளம்பும். இருவது முப்பது வருசம் சாவாது. அப்ப இவன் என்னா பண்ணுவான்? ராத்திரியோட ராத்திரியா கோயில் கொளத்துல வுட்டுட்டு, புண்ணியம் பண்ணனாப்ல வூட்டுக்கு வருவான். அது நம்மூரு ஆமையோட தீனியயும் தின்னு, வெயில் காயற எடத்தயும் புடிச்சிக்கும்.

இங்கதான் தம்பி நீ காது குடுத்துக் கேக்கணும். வாங்கறது சுலுவு. வளக்கறதும் சுலுவுதான், உங்கப்பன் பில்லு கட்டற வரைக்கும். குஞ்சு பொரிக்கிறதும் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் ஊரு மிருகக் காட்சி சாலையில ஒரு பால் பைதான். 1961ல எவனோ வூட்ல வளத்தது, அங்க வந்து சேந்துச்சி. 2020ல, அறுவது வயசு தாண்டன கெழவி, பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆண் வாடையே படாம 7 முட்டை வுட்டுச்சி. அது முட்டை வுடறதுக்கு ஒன் சாமர்த்தியம் எதுக்கு? பொரிச்சதெல்லாம் அப்பறம் எங்க போவுதுன்னு யோசிச்சியா?

நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையிலயே பாக்கலாம். வடநெம்மேலியில 1976ல முதலைப் பண்ணை வச்சாங்க. ரோமுலஸ் விட்டேக்கர்னு ஒரு வெள்ளக்காரரு, பாம்போடயே பொழங்கனவரு. அப்ப முதலை இனமே அத்துப் போற நெலம, காப்பாத்தணும்னு ஆரம்பிச்சாரு. நம்ம சதுப்பு நில முதலை வருசத்துக்கு ரெண்டு தடவ முட்ட வுட ஆரம்பிச்சிடுச்சி. முட்டைக்குள்ள ஆணா பொண்ணாங்கறது சூட்டுலதான் இருக்குன்னு அங்கயே ஆராய்ச்சி பண்ணாங்க. 31 டிகிரி வரைக்கும் இருந்தா பொண்ணு, 32.5ன்னா ஆணு. ஒண்ணர டிகிரியில குடும்பமே மாறிப் பூடும். அப்படி ஆயிரக்கணக்குல பெருகிச்சி. பெருகனத ஆத்துல வுடலாம்னா, எந்த ஆறு ஏத்துக்கும்? எடம் இல்ல. கடேசியில ஆயிரம் முதலைய குசராத்து ஜாம்நகருக்கு வண்டி கட்டி அனுப்பற கதி ஆச்சி. படிச்சவங்க, அனுபவப்பட்டவங்க, நல்லெண்ணத்துல பண்ணவங்க கதையே இது. நீ மொட்ட மாடியில இன்குபேட்டரு வாங்கி வைக்கப் போறியாமே?

அமெரிக்காவுல புளோரிடான்னு ஒரு சீமை. அங்க பர்மா மலைப்பாம்பு வளக்கறது ஒரு காலத்துல ஜோரான பொழப்பு. குட்டியில கைக்கு அடக்கம், வளந்தா பதினஞ்சடி. அப்ப தொறந்து வுட்டவன் பல பேரு. 1992ல ஆண்ட்ரூ புயல்ல பாம்பு வளக்கற ஒரு கொட்டாய் ஒடஞ்சி தப்பிச்சதும் சேந்துக்கிச்சின்னு சொல்றாங்க. சதுப்புக் காட்டுல பூந்து முயலு, ரக்கூன்னு வாரித் தின்னுடுச்சி. ரோட்டோரம் கண்ணுல படற ரக்கூன் 99 சதவீதம் கொறஞ்சிப் போச்சின்னு 2012ல கணக்கு சொன்னாங்க. புயலுன்னா நமக்குத் தெரியாதா? 2011ல தானே வந்தப்ப கடலூர்ல எத்தன வூட்டுக்குக் கூரை நின்னுது, எத்தன நாளு கரண்டு இல்லாம கெடந்தம்? ஒன் கண்ணாடிப் பொட்டி எம்மாத்திரம்?

அப்ப புளோரிடாக்காரன் என்னா பண்ணான் தெரியுமா? நாயி வச்சிப் பாத்தான், போட்டி வச்சிப் பாத்தான். முடியல. 2017ல நம்ம செங்கல்பட்டுப் பக்கத்துலேருந்து ரெண்டு இருளரக் கூப்புட்டான். மாசி சடையன், வடிவேல் கோபால். இங்கிலீசு தெரியாது. அந்தக் காடும் தெரியாது. கையில கடப்பாரை. தரையப் பாத்து, பீயப் பாத்து, தோலு உரிச்ச எடத்தப் பாத்து மெல்ல மெல்ல நடந்தாங்க. ரெண்டு வாரம் முடியறதுக்குள்ள 13 பாம்பு. அதுல ஒண்ணு 16 அடி, கீ லார்கோ தீவுல. அவன் காசு குடுத்து வாங்கி, வளத்து, பெருக்கி, வுட்டுத் தொலைச்சான். அதப் பொறுக்கி எடுக்க நம்மாளு விமானம் ஏறனான். 2023ல ரெண்டு பேருக்கும் பத்மசிறீ குடுத்தாங்க.

அவங்க சங்கம் 1978ல வந்தது, வடநெம்மேலியில இருக்கு. தோலு ஏத்துமதிக்குத் தடை வந்து பொழப்பு போனவங்களுக்காக ஆரம்பிச்சது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இந்த நாலுதான் அங்க. அவங்க பாம்பு வைக்கறது எதுல தெரியுமா? மண்பான. வாயில துணி கட்டியிருக்கும். மீட்டரு இல்ல, குழல் வெளக்கு இல்ல. மூணு நாலு வாரம் வச்சிருப்பாங்க, நாலு தடவ விஷம் எடுப்பாங்க. அப்பறம் வயித்துச் செதில்ல ஒரு சின்ன வெட்டு. அதே பாம்ப மறுபடி புடிச்சி வதைக்கக் கூடாதுன்னு அடையாளம். வுட்டுடுவாங்க. பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷந்தான் மூலம். பாம்பப் பத்தி ஒலகத்துலயே வெவரம் தெரிஞ்ச ஆளு, ஒரு மாசத்துக்கு மேல அத கையில வச்சிக்க நெனைக்கல. நீ பேரு வச்சி, பொறந்த நாளுக்குக் கேக்கு வெட்டற. கேக்கு யாரு தின்னது, சொல்லு?

ஆசைய அடக்க முடியலன்னா வழி சொல்றன். தை மாசத்துக்கு மேல கடலூரு கடக்கரையில பங்குனி ஆமை முட்டையிட வரும். வனத்துறைக்காரங்க முட்டைய எடுத்துட்டு வந்து வேலி போட்ட மணல்ல பொதைப்பாங்க. ஒண்ணர மாசம், ரெண்டு மாசத்துல குஞ்சு கெளம்பும். வுடறப்ப போயி நில்லு. உள்ளங்கையில பாதி இருக்கும், துடுப்பு போட்டுகிட்டு தண்ணிக்கி ஓடும். காசு இல்ல, பதிவு இல்ல, தீனி இல்ல.

பெருசாத்தான் வேணும்னா பழைய கொள்ளிடம் இருக்கு. வேளக்குடி, அகரநல்லூரு பக்கம் மாட்ட தண்ணி காட்டப் போனவங்களக் கேளு. மழைக்காலத்துல முதலை வூட்டு வாசலுக்கே வரும். வனத்துறைக்காரங்க கயித்தப் போட்டுக் கட்டி, நாலு பேரு தோளுல தூக்கிட்டுப் போயி வக்காரமாரி ஏரியில வுடுவாங்க. ஆத்துல கைகாலு கழுவப் போயி கடிபட்டவங்க இருக்காங்க, உசுரு போனவங்களும் இருக்காங்க. அந்தக் கரையில குடியிருக்கற எவனும் ‘எங்க வூட்ல முதலை வளக்கறம்’னு பீத்திக்க மாட்டான்.

அது கெடக்கட்டும். ஒனக்குச் சென்னையில வேல கெடச்சிடுச்சாமே, ஆவணியில கெளம்பறியாமே. ஆஸ்டல்ல ஓணானுக்கு எடம் இல்லன்னு சொல்லிட்டானாம். அப்ப வெட்டுக்கிளிக்கி யாரு பவுடர் போடுவா? அம்மா பாத்துக்குவான்னு கூட்டாளிகிட்ட சொன்னியாமே. உங்கம்மாகிட்ட நான் கேட்டன் தம்பி. அவ சொன்னத பத்திரிகையில போடமாட்டாங்க.