கோணல் மெஷ்ஷும் வண்ணப் படமும்

மலேசியாவின் சுங்கை காடுட் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டுபவரின் கத்தி சற்று ஆழமாக இறங்கினாலே ஏச்சு விழும். அந்த ரப்பரில் செய்த அதிர்வுதாங்கியைக் கணினியில் நசுக்கிப் பார்க்கும் பொறியாளரிடமோ, உருவத்தைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் 'மெஷ்' ஏன் இத்தனை கோணல் என்று கேட்பாரில்லை. கூறின் உருத்திரிபை அளக்கும் ஜக்கோபியன் எதிர்மமானால் மென்பொருள் நின்றுவிடும் என்பதால், அது நாணயமான குற்றவாளி. நீண்டு சரிந்த கூறுகளோ வாய்திறவாமல் சிவப்பும் நீலமுமாகப் படம் தந்து மேலாளரை மகிழ்விக்கும். ஓரலகுப் பரப்பில் விழும் விசையாகிய தகைவு மிகும் மூலைகளில் கூறுகளைச் சிறிதாக்கி, விடை மாறாது நிற்கும்வரை மீண்டும் கணக்கிடுவதே முறை. அதற்குத்தான் எவருக்கும் நேரமிருப்பதில்லை.

நார்வேயில் 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்லைப்னர் ஏ எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளம் மூழ்கியபின், சுவர்ச் சந்திப்பில் மெஷ் பருமனாகவும் சரிந்தும் இருந்ததால், சுவரை அறுக்க முயலும் தகைவாகிய வெட்டுத்தகைவு 47 விழுக்காடு குறைத்துக் கணக்கிடப்பட்டிருந்தது தெரியவந்தது. உள்ளிருந்த கம்பிகளும், போதாக்குறைக்கு, குட்டை. பிறகு நுணுக்கமாகச் செய்த கணக்கு, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று கூறியது. உடைந்தது 65 மீட்டரில். கணக்கைக் குறைசொல்ல எவருக்கும் வாயெழவில்லை.