எருமப்பட்டியில் சைக்கிள் தண்ணீர் பாட்டில்: தேர்வும் பெயரீடும்

1. ஆய்வின் தேவை

நாமக்கல் மாவட்டத்தில் கோழிமுட்டையை ஆராய்ந்தால் முனைவர் பட்டம் கிடைக்கும். லாரிக்குக் கூண்டு கட்டுவதை ஆராய்ந்தாலும் கிடைக்கும். நாமக்கல்–துறையூர் சாலையில் எருமப்பட்டியைக் கடந்து, சைக்கிள் ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டே போகும் தண்ணீர் பாட்டிலை ஆராய்கிறேன் என்றால் வழிகாட்டிப் பேராசிரியரே கிடைக்கமாட்டார். அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கருதுகோள் ஒன்றுதான்: காசு கொடுத்து வாங்குவதால் பாட்டில் நம்முடையது ஆகிவிடாது, பேர் எழுதினால்தான் ஆகும்.

2. களம்

கோடை வந்தால் வானிலைச் செய்தியில் கரூர் பரமத்தியின் பெயர் அடிக்கடி அடிபடும். அந்த வெயிலுக்கு மாவட்ட எல்லை தெரியாது. காவிரியைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்துவிடுகிறது. சித்திரையில் பத்து மணிக்கு மேல் சைக்கிள் மிதிக்கிறவருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. எதில் கொண்டுபோவது என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன.

3. வகைப்பாடு

முதல் மரபு, காலி பாட்டில். கலரோ குடிநீரோ குடித்து முடித்த ஒரு லிட்டர் பெட் பாட்டில் இது. இந்தப் பாட்டிலுக்கு 1973இல் அமெரிக்காவின் நதானியேல் வயத் காப்புரிமை பெற்றார். மூடிக்குக் கீழே, கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் துருத்திக்கொண்டிருக்கும். தொழிற்சாலையில் எந்திரம் பாட்டிலைப் பிடித்து நகர்த்துவதற்காக அமைத்தது. எருமப்பட்டியில் அது சணல் கயிறு கட்டுவதற்காக அமைந்தது என்றே கொள்ளப்படுகிறது. கயிறு ஒரு சாணுக்கு மேல் நீண்டால் பாட்டில் முன்சக்கரக் கம்பியில் அடிபடும்; குறைந்தால் திருப்பும்போதெல்லாம் முட்டியைப் பதம் பார்க்கும்.

இரண்டாவது, எவர்சில்வர். 1981 முதல் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டிவரும் சேலம் உருக்காலை இருக்கும் வட்டாரத்தில் இதற்குத் தனி மரியாதை உண்டு. ஒற்றைத் தகடு என்பதால் மதியத்துக்குள் தண்ணீர் வெந்நீராகிவிடும். கீழே விழுந்தால் உடையாது, நசுங்கும். இந்த நசுங்கலின் பயன் பின்னர் விளக்கப்படும்.

மூன்றாவது, பிளாஸ்க். தண்ணீர் சாயங்காலம் வரை சில்லென்று இருக்கும். ஆனால் விலையை நினைத்து அம்மாக்கள் இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்புவதில்லை.

நான்காவது, வெளியூர் மரபு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை மிதித்தே கொல்லிமலை ஏறுகிறவர்கள் வைத்திருப்பது. அழுத்தினால் பீச்சும் மெல்லிய பாட்டில்; சைக்கிளின் நடுச்சட்டத்தில், 64 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு திருகாணி போட்ட கூண்டில் உட்கார்ந்திருக்கும். வண்டியை நிறுத்தாமலே குடிக்கலாம். அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தரும் விலையில்லா சைக்கிளில் இந்தக் கூண்டு கிடையாது, முன்கூடைதான் உண்டு. அதைப் புத்தகப்பை பிடித்துக்கொள்ளும். மிச்ச இடுக்கில் எது நுழைகிறதோ அதுவே தகுந்த பாட்டில். தேர்வு பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

4. பெயரீடு

பள்ளி இலக்கணம் பெயரை இரண்டாகப் பிரிக்கும்: காரணப்பெயர், இடுகுறிப்பெயர். பாட்டிலுக்கும் இதுவே பொருந்தும்.

‘பச்சை மூடி’, ‘நசுங்கினது’, ‘மாமன் கொடுத்தது’ என்பன காரணப்பெயர்கள். நசுங்கலே அடையாளம் ஆகிவிடுவதால் எழுத்துக்கூலி மிச்சம். ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டிலும் ஒருநாள் நசுங்கும், அன்றைக்கு ஆரம்பிக்கும் வழக்கு: “ஏனுங்க்கா, எங்க நசுங்கல் இந்தப் பக்கமுங்க, அது உங்களுது!”

இடுகுறிப்பெயர் என்பது பாத்திரக் கடையில் வெட்டுவது. கடைக்காரர் “என்ன பேருங்க?” என்று கேட்டுக்கொண்டே கையடக்க மெஷினைக் கிர்ரென்று ஓட்ட, எழுத்து புள்ளி புள்ளியாக விழும். இதிலும் ஒரு சிக்கல். காதுகுத்துக்கு வந்த பாட்டிலில் கொடுத்தவர் பெயரும் தேதியும்தான் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகும் பையன், சட்டப்படி பார்த்தால், தாய்மாமன் சொத்தை அனுபவிக்கிறவன்.

வெயிலுக்குப் பாட்டிலில் ஈரத்துணி சுற்றுவோர் உண்டு. துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போவதால் உள்ளே குளிரும், அறிவியல் சரி. ஆனால் துணி பெயரை மறைத்துவிடுகிறது. குளிர்ச்சியா, உரிமையா என்ற இந்த முரண்பாடு இன்னும் தீரவில்லை.

5. உலகச் சான்றுகள்

1892இல் வெற்றிடக் குடுவையைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் தேவார் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1904இல் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனம் அதைத் தெர்மாஸ் என்று பேர் வைத்து விற்றது. தேவார் வழக்குப் போட்டும் தோற்றார். கண்டுபிடித்தவர் ஒருவர், பேர் எழுதியவர் வேறொருவர். பாட்டில் யாருடையதாயிற்று என்று சொல்லவேண்டியதில்லை.

1952 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், இத்தாலியின் இரு பெரும் வீரர்களான பாவுஸ்டோ கோப்பியும் ஜீனோ பார்த்தாலியும் மலையேற்றத்தில் ஒரு பாட்டிலைக் கைமாற்றும் புகைப்படம் புகழ்பெற்றது. யார் யாருக்குக் கொடுத்தார் என்று இத்தாலியர்கள் பல ஆண்டுகள் சண்டையிட்டார்கள். எருமப்பட்டிப் பாத்திரக் கடையில் வெட்டிய பாட்டிலாக இருந்திருந்தால், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம்.

6. ஆய்வு முடிவு

எந்தப் பாட்டில் என்பதைச் சைக்கிள் முடிவு செய்யும். யாருடைய பாட்டில் என்பதை எழுத்து முடிவு செய்யும். நிற்க. எல்லா மரபினருமே கவனிக்கத் தவறிய உண்மை ஒன்று உண்டு: பாட்டில் தொலைவது அபூர்வம், தொலைவது மூடி. ‘பச்சை மூடி’ என்று பேர்பெற்ற பாட்டில்கள் இன்று சிவப்பு மூடியோடு சுற்றுவதற்கு இதுவே காரணம். ஆகவே பெற்றோர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை: பாட்டிலுக்குப் பேர் வெட்டும்போதே மூடிக்கும் சேர்த்து வெட்டிவிடுங்கள்.