மரம் தறிக்க மிசின் வாங்குகிற மகாராசாக்களுக்கு

முதலில், மரத்தைப் பார்க்காதீர்கள். பார்த்தால் யோசனை வரும், யோசனை வந்தால் மிசின் வாங்க மாட்டீர்கள். நேரே கண்டி டவுனுக்கு இறங்கி ஏதாவதொரு ஹார்ட்வெயார் கடையில் ஏறி, "இருக்கிறதிலேயே பவர் கூடின செயின் சோ எது?" என்று கேளுங்கள். பவர் என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்துவிட்டதல்லவா, இனி விலையைப் பற்றிப் பேச்சில்லை.

கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் மரியாதை கூடும். கையில் தூக்கிப் பிடிக்கிற வாள்களில் பெரிய பேர் ஸ்டீல் எம்.எஸ். 881. 121.6 சிசி, 6.4 கிலோவாட். அதற்குப் பங்காளி ஹஸ்க்வார்னா 3120, ஏறத்தாழ 119 சிசி. பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டோ எஞ்சினே 145 சிசிதான். மூன்று பேரையும் ஒரு மூட்டை அரிசியையும் அம்பிட்டிய ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு போன சாமானைவிடக் கொஞ்சம் சின்னதை, சில்லும் பிரேக்கும் இல்லாமல் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறீர்கள். பார், சங்கிலி, பெற்றோல், எண்ணெய் எதுவும் சேராமல் பாரம் 10 கிலோ அளவில் வரும். ஹந்தானைச் சரிவில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறிய பிறகு மரம் தறிக்கத் தேவையில்லை. நீங்களே விழுந்துவிடுவீர்கள்.

பார் எவ்வளவு நீளமோ அவ்வளவு கௌரவம். மூன்றடிப் பார் ஓட்டோவில் வைத்தால் வெளியே நீட்டிக்கொண்டு வரும், ஊரே பார்க்கும். இரண்டு பக்கமும் நின்று அறுத்தால் ஒன்றேகால் அடிப் பாரே இரண்டடி மரத்தைத் தறித்துவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒன்றை மட்டும் காதில் வாங்குங்கள்: பாரின் மூக்கில் மேல்பாதி எதிலாவது முட்டினால், வாள் திரும்பி உங்கள் முகத்தை நோக்கி எகிறும். கண் இமைக்கிற நேரம்கூடக் கிடைக்காது. அதற்காகத்தான் முன்கைக்குக் காவலாக ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்கிறதா என்று கடையிலேயே பார்க்கச் சொன்னால், கடைக்காரர் உங்களை வேறு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

உண்மையில் இந்த மலைகளில் நடந்த பெரிய மரம் வெட்டுக்கு ஒரு சிசியும் தேவைப்படவில்லை. 1840களில் கோப்பிக்காகக் கண்டிக் காடுகளை அழித்தபோது இருந்தது கோடரி மட்டும். ஆட்கள் மலையடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே ஒவ்வொரு மரத்தையும் பாதி வரை வெட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். உச்சிக்குப் போனதும் மேல்வரிசை மரங்களை முழுதாகத் தறிப்பார்கள். அவை கீழே உள்ளவற்றின் மேல் சாய, அவை அடுத்தவற்றின் மேல் சாய, ஒரு மலைச்சரிவே இரைந்துகொண்டு விழும். பிறகு காயவிட்டு நெருப்பு. இவ்வளவு கெட்டித்தனமாகத் தறித்த இடத்தில் நட்ட கோப்பியை 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் மெல்ல மெல்லத் தின்று தீர்த்தது. தேயிலை அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் கையால் லூல்கந்துரவில் வந்து காத்துக்கொண்டிருந்தது. மரத்தை விழுத்துவது சரிவும் பாரமும்தான். வாள் ஒரு கோடு போடுகிறது, அவ்வளவே.

அந்தக் கோட்டை எங்கே நிறுத்துவது என்பதுதான் முழு வித்தையும். விழ வேண்டிய பக்கம் வாய் வெட்டி, மறுபக்கம் அதற்குச் சற்று மேலாக அறுத்து, நடுவில் மரத்தின் குறுக்களவில் பத்திலொரு பங்கு மரத்தை அறுக்காமல் விட வேண்டும். அது கதவுக் கீல் போல மரத்தைச் சொன்ன பக்கம் சாய்க்கும். 121 சிசி மிசினால் அந்தக் கீலையும் சேர்த்து ஒரு மூச்சில் அறுத்துவிடலாம். பிறகு எந்தப் பக்கம் விழுவது என்பதை மரமே தீர்மானிக்கும். பொதுவாக அது பக்கத்து வீட்டுக் குசினியைத் தேர்ந்தெடுக்கும்.

ஏனென்றால் இது கண்டி. உங்கள் மரத்துக்குக் கீழே ஒரு கூரை, கூரைக்குக் கீழே ஒரு மதில், மதிலுக்குக் கீழே இன்னொருவரின் கூரை. நடுவில் மின்சாரக் கம்பி. மரத்தில் மிளகுக் கொடி, அதன் நிழலில் கராம்பு. இங்கே யாரும் அடியில் நின்று மரத்தை விழுத்துவதில்லை. ஒரு ஆள் கயிற்றோடு உச்சிக்கு ஏறி, ஒற்றைக் கைக்கு அடங்குகிற சின்ன வாளால் கொப்புக் கொப்பாகக் கழிப்பார். கீழே நிற்கிறவர்கள் கயிற்றை இன்னொரு மரத்தில் சுற்றி, துண்டு துண்டாக இறக்குவார்கள். உங்கள் ராட்சத மிசின் அந்த நேரம் விறாந்தையில் இருக்கும். எல்லாம் முடிந்து கிடக்கும் அடிமரத்தை அரியும்போது, ஃபோட்டோ எடுக்க அதைக் கொண்டுவரலாம்.

உடைக்கு வருவோம். சாரமும் றப்பர் செருப்பும் நம் பாரம்பரியம். ஆனால் கால்காப்பு என்று ஒன்று விற்கிறார்கள். சங்கிலி பட்டதும் அதற்குள் இருக்கும் நார் பிரிந்து, பல்லுச் சில்லில் சுற்றி, சங்கிலியை நிறுத்திவிடும். தலைக்கவசம், காதடைப்பு எல்லாம் சேர்த்தால் பவர் வாங்க மீதி இருக்காது என்பதால் யாரும் வாங்குவதில்லை. ஒரு வட்ட அரமாவது வாங்குங்கள். வாள் சீவல் சீவலாகத் தள்ளினால் பல் கூர், மாத்தூள் போலக் கொட்டினால் மொட்டை. மொட்டைச் சங்கிலிக்காரர்தான் எப்போதும் மிசினுக்குப் பவர் போதாது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

கடதாசி வேலைகளும் உண்டு. 2019இல் நாடு முழுவதும் செயின் சோக்களைப் பதிவு செய்யச் சொன்னார்கள். வாங்கப்போவது பதிவுள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் காக்கிறது. கண்டியில் பனைக்குப் பயமில்லை, பலாவுக்குத்தான் வழக்கு. ஊரூராகப் பலா நடச் சொல்லி 'கொஸ் மாமா' என்று பேரெடுத்த ஆர்தர் வி. டயஸ் பிறந்த நாடு இது, பலாவில் கை வைப்பவரைச் சும்மா விடாது. தறித்த மரத்தை லொறியில் ஏற்ற, மரத்தின் இனத்தைப் பொறுத்து இன்னொரு அனுமதிப்பத்திரம் வேண்டும். உடவத்தகெலே பக்கம் சாய்ந்து நிற்கிற மரம் உங்களுடையது என்று மட்டும் கனவு காணாதீர்கள். அது 1938 முதல் சரணாலயம்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கியே தீருவேன் என்றால் 60 சிசி, 20 அங்குலப் பார் போதும். கண்டி வீட்டுத் தோட்டத்தில் அதற்கு அடங்காத மரம் அருமை, அடங்காததை நீங்கள் தொடவும் கூடாது. மிச்சக் காசில் மரம் ஏறுகிறவருக்கு நல்ல கயிறொன்று வாங்கிக் கொடுங்கள். மரம் பலாவென்றால் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போய்க் கதையுங்கள், அவர் பார்க்க வருகிற நாளில் மிசினை விறாந்தையில் வைக்காதீர்கள்.