திருவாளர் ஒரிஜினல்

சிகந்திராபாத் பத்மாராவ் நகரில் திருவாளர் ஒரிஜினல் குடியிருக்கிறார். பெயர் நான் வைத்தது. ஆள் உங்கள் தெருவிலும் இருப்பார். ஐம்பதைத் தாண்டிய வயது, ஹைடெக் சிட்டியில் உத்தியோகம், பீரோவில் பட்டு வேட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிட்டார். அது எப்படி வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1893இல் நிஜாமின் ரயில்வே லாலாகுடாவில் பட்டறை போட்ட கதையில் தொடங்குவார். அங்கே வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள், அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் நடனம், பிறகு அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனது, போகும்போது விட்டுச் சென்ற தட்டுமுட்டுச் சாமான்கள் என்று வந்து சேர்வதற்குள் காபியில் ஆடை கட்டிவிடும். ஜுமேராத் பஜாரில் பேரம் பேசி வாங்கியது என்ற கடைசி வரியைத் தாழ்ந்த குரலில் சொல்வார்.

கிட்டாரின் தலையில் கம்பெனிப் பெயர் பாதி உரிந்து கிடக்கிறது. கல்கத்தாவில் செய்த கிவ்சன் என்பது அவர் மச்சினரின் கட்சி. அமெரிக்க கிப்சன் என்பது இவர் கட்சி. அழிந்துபோன அந்த ஓர் எழுத்தில் சில லட்சம் ரூபாய் தொங்குவதால் அவ்விடத்தைத் துடைக்கவே விடுவதில்லை.

பெட்டியைத் திறக்கும்போது மின்விசிறி நிறுத்தப்படும். கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் மருமகன் எட்டிப் பார்ப்பான்.

"மாமா, ஒரு தடவை வாசிச்சுப் பாக்கட்டுமா?"

"கை கழுவினியா?"

"இப்பத்தான் கழுவினேன் மாமா."

"அப்ப ஈரமா இருக்கும். வேண்டாம்."

கம்பி கறுத்துத் துருவேறிவிட்டது. கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கின்றன. அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதை அவர் குறையாக நினைப்பதில்லை. உலகத்தில் கிட்டார்களைக் கெடுத்தவர்கள் எல்லோரும் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்பது அவர் சித்தாந்தம். அதற்குச் சாட்சியும் வைத்திருக்கிறார். 2015இல் வந்த 'த ஹேட்ஃபுல் எய்ட்' படத்துக்காக மார்ட்டின் கம்பெனியின் அருங்காட்சியகம் 1870களில் செய்த கிட்டார் ஒன்றை இரவல் கொடுத்தது. உடைக்கிற காட்சியில் அதை எடுத்துவிட்டு நகலை வைப்பதாக ஏற்பாடு. யாரும் மாற்றவில்லை. கர்ட் ரஸ்ஸல் அசலையே பிடுங்கி அடித்து உடைத்தார். பக்கத்தில் இருந்த நடிகை போட்ட கூச்சல் நடிப்பே இல்லை. இந்தக் கதையைச் சொல்லும்போது நம்மவருக்குத் தொண்டை அடைக்கும். தன் பெரியப்பா காலமானபோதுகூட அப்படி அடைத்து நான் பார்த்ததில்லை.

நியாயமாகப் பேசினால், மனிதர் முழுப் பைத்தியம் இல்லை. அந்தக் காலத்து கிப்சன், ஃபெண்டர் கிட்டார்களுக்கு நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் பூசினார்கள். நாளாக ஆக அது மஞ்சளிக்கும், மயிரிழை போல வெடிக்கும். அதைச் சுரண்டிவிட்டுப் புதுப் பூச்சு பூசினால் விலை பாதியாகிவிடும் என்பது சேகரிப்பவர்களின் கணக்கு. 1958 முதல் 1960 வரை வந்த லெஸ் பால் சன்பர்ஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் போட்ட சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டதும் வெளுத்துப்போகும் மட்டரகம். இன்று அப்படி வெளுத்ததற்கும் கோடிகளில் விலை. பார்க்கப் போனால், கம்பெனி செய்த தப்பைத்தான் திருவாளர் ஒரிஜினல் பூட்டிக் காக்கிறார்.

பெட்டிக்குள் ஈரப்பதமானி வைத்திருப்பதற்காக அவரைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். மரக் கிட்டாருக்கு நூற்றுக்கு 45 முதல் 55 வரை ஈரப்பதம் இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாத ஹைதராபாத்தில் மத்தியானக் காற்று அப்பளம் காயவைக்கத்தான் லாயக்கு. மரம் குறுகும், ஃப்ரெட்டின் முனைகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு விரலைக் கிழிக்கும், மேல் பலகை விரிசல் விடும். அந்த இரண்டு மாதம் அவர் ஈரப் பஞ்சும் கையுமாக அலைவது தேவைதான்.

எதிர்க்கட்சித் தலைவர், மாரேட்பள்ளியில் இருக்கும் மச்சினர்: திருவாளர் பாலிஷ். உப்புத்தாளைக் கையில் எடுத்தால் ஒழிய அவருக்குப் பொழுது விடியாது. தாத்தாவின் தேக்கு நாற்காலிக்கு வெள்ளை எனாமல் அடித்த புண்ணியவான். "ஒரு ஞாயித்துக்கிழமை கொடுங்க மாமா, புதுசு மாதிரி ஆக்கிடறேன்" என்பார். இவர் பீரோச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

இருவரும் சேர்ந்து குதுப் ஷாஹி கல்லறைகளுக்குப் போனார்கள். ஆகா கான் அறக்கட்டளை 2013இல் அங்கே சீரமைப்பு வேலையைத் தொடங்கி, முன்பு யாரோ அப்பிய சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசியது. "பாத்தீங்களா, புதுசா பூசிட்டாங்க!" என்று மச்சினர் குதித்தார். "பாத்தியா, புதுசைப் பேத்து எடுத்துட்டாங்க!" என்று இவர் குதித்தார். இருவரும் வெற்றியுடன் வீடு திரும்பினார்கள். அது சரிதான். 1995 முதல் ஃபெண்டர் கம்பெனியே புதுக் கிட்டாரைத் தேய்த்து, கீறி, பழசாக்கிக் கூடுதல் விலைக்கு விற்கும் உலகத்தில் யாருக்குத்தான் தோல்வி வரும்?

பழைய ஊரில் வாத்தியம் பழுது பார்க்கும் பாயிடம் ஒருமுறை போனார்கள். அவர் கிட்டாரைத் திருப்பிப் பார்த்தார். பெயரைப் பார்க்கவில்லை, கழுத்து வளைந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார். பிறகு ஒரே கேள்வி: "பஜானே கூ லியே கி தேக்னே கூ?" வாசிக்கவா வாங்கினீர்கள், பார்க்கவா? பாலிஷ் போடலாமா என்று மச்சினர் கேட்டதற்கு, "நக்கோ சாப்" என்றார். கம்பியையும் ஃப்ரெட்டையும் மாற்றாமல் வைத்திருக்கலாமா என்று இவர் கேட்டதற்கும் அதே "நக்கோ சாப்".

பாய் கட்சிதான் என் கட்சி. தஞ்சாவூர் வீணையில் மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகினால் புதிதாக மேளம் கட்டுகிறோம். வீணையின் ஒரிஜினல் போய்விட்டதென்று எந்த வித்வானும் அழுததில்லை. வில்லி நெல்சன் 1969இல் வாங்கிய மார்ட்டின் கிட்டாரில், அவர் மீட்டி மீட்டியே பலகையில் ஓட்டை விழுந்துவிட்டது. அந்த ஓட்டையை அவர் அடைக்கவும் இல்லை, கிட்டாரைப் பூட்டி வைக்கவும் இல்லை. பழுதை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டு அதையே மேடையில் வாசித்தார்.

ஆகவே, வீட்டில் பழைய கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வார்னிஷில் கை வைக்காதீர்கள். கம்பி, ஃப்ரெட் போன்றவை தேய்வதற்கென்றே செய்தவை, தேய்ந்தால் மாற்றுங்கள். கழற்றிய பழசைக் குப்பையில் போடாமல் ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கிட்டாரை மருமகனிடம் கொடுத்துவிடுங்கள், கை ஈரமாக இருந்தாலும்.