காட்டுக்காரனுக்குக் காடு காட்டப் போறியா, தம்பி?

கோப்பேங் மலைக்கு மேல இருக்கிற ஓராங் அஸ்லி பழங்குடி செமாய் மக்களோட கம்பத்துல பருவநிலை விழிப்புணர்வு முகாம் நடத்தப் போறியாமே, சபாஷ்! பேனர் அடிச்சாச்சா? உன் படம் பெருசா, மரத்தோட படம் சின்னதா இருக்கணும். நாசி லெமாக் பொட்டலம், தண்ணிப் போத்தல் எல்லாம் பெட்டி பெட்டியா ஏத்திக்கோ. காலிப் போத்தலை அங்கேயே போட்டுட்டு வா. அடுத்த வருஷம் நெகிழி ஒழிப்பு முகாமுக்கு வேலை வேணுமில்ல?

ஒண்ணே ஒண்ணு மட்டும் அங்க கேட்டுடாதே. 1996 ஆகஸ்டு 29-ஆம் தேதி, கம்பார் பக்கத்துல போஸ் டிப்பாங்ல என்ன நடந்துச்சுன்னு. மழை கொட்டி, சேறும் மரக்கட்டையும் ஆத்தோட உருண்டு வந்து செமாய் கம்பத்தை அடிச்சுட்டுப் போச்சு. 44 உசுரு. மழை மிஞ்சினா மலை என்ன செய்யும்னு அவங்க படிச்ச பாடம் அது. உன் பவர்பாயிண்ட்ல அந்தப் பக்கம் இருக்கா?

இளைஞர் தலைமைத்துவமும் சொல்லித் தரப் போறியாம்! 2019-ல கிரிக் பக்கம் தெமியார் பழங்குடி ஜனங்க வெட்டுமர லாரியை மறிச்சுத் தடுப்பு கட்டினாங்க. அதிகாரிங்க வந்து பிரிச்சுப் போட்டாங்க. அதுக்காக ஓராங் அஸ்லி பசங்க சும்மா உட்காரல. தாத்தா கைகாட்டுற டுரியான் மரம், முன்னோரைப் பொதைச்ச இடம், ஓடை எல்லாத்தையும் ஜிபிஎஸ் வெச்சுப் புள்ளி புள்ளியாக் குறிச்சு வரைபடம் ஆக்குறாங்க. ஏன்னா 1954-ஆம் வருஷச் சட்டப்படி அவங்களுக்குன்னு நிலம் ஒதுக்குறது மாநில அரசு. நினைச்சா ரத்து பண்றதும் அதே அரசு. சிலாங்கூர் தெமுவான் மக்கள் 2002-ல சாகோங் தாசி வழக்குல ஜெயிச்ச பிறகு, பரம்பரை நிலம்னு கோர்ட்டுல நிரூபிக்க வழி இருக்குன்னு எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு.

தோட்டத் தமிழருங்க நாம என்ன செஞ்சோம்? 1877-ல கோலாகங்சார்ல பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ துரை ரப்பர் கன்னு நட்டாரு. அப்புறம் நம்ம பாட்டன்மார் கையாலேயே காட்டை அழிச்சுத் தோட்டம் போட்டானுங்க. அந்தப் பால்மரமும் போய்ச் செம்பனை வந்துச்சு, வீடமைப்பு வந்துச்சு. நம்மளை லயத்தை விட்டு எழுப்பினப்போ காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருந்துச்சா? தலைமுறை தலைமுறையா இருந்தோம்னு வாயாலதான் சொன்னோம். வாய்ச்சொல்லை எந்த நில அலுவலகத்துல பதியறான்?

அதனால மேல போறதுன்னா முதல்ல கம்பத்துத் தலைவர் தோக் பாத்தினைப் பார்த்து அனுமதி கேளு. வரைபடம் போடுற பசங்ககிட்ட உட்கார்ந்து கத்துக்கோ. அவங்க மனு எடுத்துக்கிட்டு ஈப்போவுக்கு இறங்கி வர்ற அன்னைக்கு வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து நில்லு. பின்வரிசையில.